ஒட்டுக்குக் கீழே முளைத்தது

மொட்டைமாடி ரோஜா பற்றிய கட்டுரை நன்று. ஆனால் அதில் ஒட்டுச்செடி (காட்டு ரோஜாத் தண்டின்மேல் நல்ல ரோஜாவை ஒட்டி வளர்த்தது) வாங்கச் சொன்னவர், ஒட்டுக்கு அடியில் வரும் துளிரைக் கிள்ளிவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

என் செடி கிடுகிடுவென்று இடுப்புயரம் வளர்ந்தும் ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் எட்டு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது அடியில் இருந்த காட்டு ரோஜாவை! மேலே ஒட்டிய நல்ல செடி எப்போதோ காய்ந்துவிட்டதாம்.

மறுவாரம் ஒரு பால் கவரில் வேர்விட்ட பன்னீர் ரோஜாக் குச்சியோடு வந்தார். இதற்கு ஒட்டே தேவையில்லை, பென்சில் கனக் குச்சி போதும். நாங்கள் ஊருக்குப் போன பத்து நாளும் அவர் மாடியிலிருந்தே டியூப் போட்டுத் தண்ணீர் விட்டார். சாவிகூடக் கேட்கவில்லை.

இப்போது காலையில் நான்கு பூத்தால் இரண்டு அவர் வீட்டுச் சாமிக்கு. கடை ரோஜாவில் இந்த வாசனை ஏது? என்ன, வெயில் ஏறினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்த இதழ்களையும் சேர்த்துவைக்கச் சொல்லியிருக்கிறார், குல்கந்து போடுவாராம்.