அந்தப் பாறைக்குள்ளே கம்பி வலை இருக்கிறது

போன வாரம் மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் காலியில் ஒரு கல்யாண வீடு. சிங்கப்பூர் யுனிவர்சல் பூங்காவில் எழும்பிக்கொண்டிருக்கும் நிண்டெண்டோ பகுதியின் கட்டுமானப் படங்களை நானும் மகளும் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார். "ஏன்டா, திறந்த பிறகு டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தா போதாதா? சிமெண்டையும் கம்பியையும் பார்த்து என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பதில் கொஞ்சம் பெரியது சித்தப்பா, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு, உச்சியில் ஹோட்டல்களும் விளையாட்டுப் பூங்காவும் உள்ள கெந்திங் மலை எப்போதும் கண்ணில் படும் பொருள். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில், புழுக்கமான இரவுகளில் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பாய் போட்டுப் படுப்போம். மேகம் இல்லாத நாளில் உச்சியில் விளக்குகள் தெரியும். பாட்டி அதை 'மேல் ஊர்' என்பார். தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிறகு அங்கே அறை துப்புரவுக்கும் பாதுகாவலர் வேலைக்கும் போனார்கள். நான் முதலில் ஏறியது ஐந்தாம் ஆண்டு படித்தபோது, தமிழ்ப்பள்ளிச் சுற்றுலாவில். அங்கே இருந்த பழைய வெளிப்புற விளையாட்டுப் பூங்காதான் நான் பார்த்த முதல் பெரிய இயந்திரம். பிற்காலத்தில் வயரிங் வேலைக்குப் போனதற்கு அந்த ஒரு நாளும் காரணம் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பூங்காவை 2013 செப்டம்பர் 1-ஆம் தேதி மூடினார்கள். அதே இடத்தில் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெயரில் உலகின் முதல் பூங்கா வரப்போகிறது, 2016-இல் திறப்பு என்றார்கள். அன்றிலிருந்து பின்தொடர ஆரம்பித்தேன். என்னைப்போல் நாடு முழுக்க ஆட்கள் இருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மலைமேல் இருக்கும் ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் எந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் வேலை நடக்கும் இடம் தெரியும் என்று விசாரித்து அறை எடுப்பார்கள். ஏழாயிரத்துக்கும் மேல் அறைகள் உள்ள ஹோட்டலில் சரியான ஜன்னல் கிடைப்பது சுலபம் இல்லை. கிடைத்தாலும் பாதி நாள் பனிமூட்டம்தான். ஆறாயிரம் அடி உயரத்தில் மேகம் வந்து உட்கார்ந்துவிட்டால் கிரேன்கூடத் தெரியாது. விடியற்காலை ஐந்து நிமிடம் விலகும், அந்த ஐந்து நிமிடத்துக்காக இரவெல்லாம் காத்திருப்பார்கள். நானும் இரண்டு முறை காத்திருந்திருக்கிறேன்.

அப்படிப் பார்த்ததில் கற்றுக்கொண்டது நிறைய. பூங்காவில் பார்க்கும் பாறை பாறையே இல்லை. முதலில் எஃகுச் சட்டம் நிற்கும். அதன்மேல் வளைத்த கம்பி வலை. அந்த வலையின்மேல் சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சி அடிப்பார்கள். அது இறுகுவதற்குள் ஆட்கள் ஏறி நின்று கரண்டியாலும் பிரஷ்ஷாலும் வெடிப்பு, மடிப்பு, வழிந்த நீரின் தடம் எல்லாம் செதுக்க வேண்டும். இறுகிவிட்டால் கதை முடிந்தது. கடைசியில் ஐந்தாறு நிறம் மாற்றி மாற்றிப் பூசி, வெயிலில் கிடந்து கறுத்ததுபோல் ஆக்குவார்கள். ரோலர் கோஸ்டர் என்றால், தரையில் கான்கிரீட் அடித்தளமும் அதில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளும் தெரிந்த உடனேயே, அவை இருக்கும் வரிசையை வைத்துப் பாதை எப்படி வளையும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தூண் வரும், தண்டவாளத் துண்டுகள் வரும், பிறகு ஒரு நாள் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்கார வைத்து வண்டியை ஓட்டுவார்கள். அந்த முதல் ஓட்டத்தின் படம் வந்தால் எங்களுக்கு அது தீபாவளி.

இதையெல்லாம் எந்த நிறுவனமும் உட்கார்ந்து சொல்லித்தராது. மலையில் சரிவைத் தாங்க எத்தனை அடுக்குச் சுவர் வேண்டியிருக்கிறது, மழைநீரை எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்பதும் வேலை நடக்கும்போது பார்த்தால்தான் புரியும். எங்கள் ஊருக்கு அது தூரத்து விஷயம் இல்லை. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் மலைக்குப் போகும் சடக்கோரம் இருந்த முகாமில் மண் சரிந்து 31 பேர் இறந்து போனார்கள். இந்த வட்டாரத்தில் சரிவு என்ற சொல்லை இன்றும் யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

சரி, பூங்காவுக்கு வருகிறேன். 2016 போனது. 2017-ம் போனது. 2018 நவம்பரில் வந்தது இடி: பூங்காவைக் கட்டிய கெந்திங் மலேசியா நிறுவனம், ஃபாக்ஸ் மீதும் அதை வாங்கிக்கொண்டிருந்த டிஸ்னி மீதும் நூறு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. எழும்பி நிற்கும் கோபுரங்கள் அப்படியே பாழாகிவிடுமோ என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. 2019 ஜூலையில் சமரசம் ஆனது. சில ஃபாக்ஸ் படங்களைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது, பூங்காவின் பெயரில் இருந்து ஃபாக்ஸ் போய்விட்டது. அப்புறம் கோவிட். கடைசியில் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் 2022 பிப்ரவரி 8-ஆம் தேதி திறந்தார்கள். 26 ஏக்கர், ஒன்பது உலகங்கள். எல்லா விளையாட்டுகளும் அன்றே தயாராக இருக்கவில்லை, ஆனால் எட்டரை ஆண்டு காத்திருந்தவர்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

அந்த வருடம் அம்மாவைக் கூட்டிப் போனேன். முட்டிவலி, எதிலும் ஏறவில்லை. ஒரு பாறை ஓரம் உட்கார வைத்தேன். கையால் தட்டிப் பார்த்து, "இது கல்லு இல்லையா?" என்றார். கைப்பேசியில் பழைய படம் ஒன்றைத் தேடிக் காட்டினேன். ஹோட்டல் ஜன்னலில் இருந்து நான் எடுத்தது. வெறும் கம்பி வலை, அதன் நடுவில் மஞ்சள் தலைக்கவசத்தோடு இரண்டு பேர், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் பொட்டலச் சோறு சாப்பிடுகிறார்கள். அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் வைத்திருந்தார். "குளிர்ல உக்காந்து சாப்பிடுறாங்க பாரு" என்றார். பால் வெட்டு முடிந்து மரத்தடியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டவருக்கு, அந்தப் பூங்கா முழுவதிலும் கண்ணில் பட்டது அவர்கள் இரண்டு பேர்தான். அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. திறப்பு விழாப் படங்களில் அவர்கள் இல்லை. ஜன்னலோரம் காத்திருந்தவர்களின் படங்களில் இருக்கிறார்கள்.

சித்தப்பா, நீங்களும் நானும் ஒரே லயத்தில் இருந்தவர்கள். 1998-இல் தோட்டத்தை விற்று லயங்களை இடித்த நாள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். காலையில் புல்டோசர் வந்தது. மத்தியானத்துக்குள் எங்கள் வரிசை தரைமட்டம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகை, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களம், பொதுக்குழாய், எல்லாம் அந்த வாரத்திலேயே. நான் பதினான்கு வயதுப் பையன், தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு ஏற்ற வேண்டிய சாமான்கள் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் கையிலும் கேமரா இல்லை. அந்த லயம் எப்படி இருந்தது என்று என் மகள் கேட்டால் காட்டுவதற்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது: அக்கா சடங்குப் படம். அதில் அக்காவின் தோளுக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கதவு பாதி தெரியும். அவ்வளவுதான்.

அதனால்தான் ஜன்னலோரம் காத்திருந்து படம் எடுக்கும் இந்த ரசிகர்களை எனக்குப் பிடிக்கிறது. ஒரு இடம் எப்படி இருந்தது, எதை எடுத்துவிட்டு எதை வைத்தார்கள், எந்த மாதம் எந்தச் சுவர் எழுந்தது என்று தேதி போட்டு வைத்திருக்கிறார்கள். ஈப்போவில் 2017-இல் திறந்த மேப்ஸ் அனிமேஷன் பூங்கா 2020 ஜனவரியிலேயே மூடிவிட்டது. அதைச் சிறு வயதில் பார்த்த பிள்ளைகளுக்கு இன்று மிச்சம் இருப்பது ரசிகர்கள் சேர்த்து வைத்த படங்கள்தான். பணம் போட்டவர்கள் யாரும் இந்த வேலையைச் செய்வதில்லை.

ரசிகர்களிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. புதியது எழும்புவதைப் படம் எடுக்கும் அளவுக்குப் பழையது போவதை எடுப்பதில்லை. சிங்கப்பூர் யுனிவர்சலில் மடகாஸ்கர் பகுதி இருந்த இடத்தில்தான் 2025 பிப்ரவரி 14-இல் மினியன் லேண்ட் வந்தது. அந்தப் பழைய படகுப் பயணத்தின் கடைசி நாட்களைப் பற்றி மகள் தேடியபோது, புதியதைப் பற்றிக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். இப்போது எழும்பும் நிண்டெண்டோ பகுதியை அவள் முதல் நாளில் இருந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். கிரேன் எத்தனை, கூரை எந்தப் பக்கம், வேலி எப்போது நகர்ந்தது. அந்தப் பூங்காவை நடத்துவதும் கெந்திங் குழுமத்துச் சிங்கப்பூர் நிறுவனம்தான் என்று சொன்னபோது, "அப்போ அதுவும் நம்ம மலைதான்" என்றாள்.

நானும் ஒரு வேலையை ஆரம்பித்திருக்கிறேன். பத்தாங் காலி, உலு யாம் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வீட்டு ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எதுவாக இருந்தாலும் சரி. ஆட்களை விடுங்கள், அவர்களுக்குப் பின்னால் பாருங்கள். லயத்துத் தூண், கோயில் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் ஒரு நகல் அனுப்புங்கள். 2013-க்கு முந்தைய மலைப் பூங்காப் படம் இருந்தாலும் வேண்டும். சித்தப்பா, உங்கள் இரும்புப் பெட்டியில் ஒரு ஆல்பம் இருப்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.