எழுதிப் பார்த்தால்தான் தெரியும்

விலையுயர்ந்த ஜெர்மன் பேனாவான மான்ட்பிளாங்கின் போலிக்கும் அசலுக்கும் வித்தியாசம் தெரியாது, போலியே போதும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. தக்கலையில் பத்திரம் எழுதுகிறவன் நான், பகல் முழுக்கப் பேனாதான்.

வளைகுடாவில் இருந்து வந்த மச்சான் ஆசையாக ஒன்று தந்தார். மூடியில் வெள்ளை நட்சத்திரம், நிப்பில் 4810, எல்லாம் இருந்தது. (அந்த எண் ஆல்ப்ஸ் மலையின் மான்ட்பிளாங்க் சிகரத்தின் உயரம், பழைய கணக்குப்படி, மீட்டரில்.) மூன்றே வாரத்தில் நிப்பின் தங்கப்பூச்சு உரிந்து வெள்ளை உலோகம் தெரிந்தது. நம் கடற்காற்றில் கிளிப் வளையமும் பச்சை பிடித்துவிட்டது. சட்டைப் பையில் மை ஊறியது தனிக்கதை.

அப்புறம் ஒரு வக்கீல் ஐயாவின் அசல் மான்ட்பிளாங்கை, 149 என்ற மாடலை, வாங்கிப் பார்த்தேன். பின்முனையைத் திருகினால் உள்ளே பிஸ்டன் நகர்ந்து, பேனாவின் உடலுக்குள்ளேயே மை ஏறுகிறது. என்னுடையதைக் கழற்றினால் சின்ன பிளாஸ்டிக் குழாய்தான். அசல் நிப்பு 18 காரட் தங்கம், செதுக்கிய கோடுகள் கூர்மை. என்னுடையதில் நிப்பில் பொறித்த எழுத்துகளின் ஓரம் மங்கல். நிப்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள், எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

அசல் வாங்க முடியாதவர்கள் சொந்தப் பெயரில் வரும் இந்தியப் பேனா வாங்கலாமே. சில நூறு ரூபாய்க்கே ஒழுங்காக எழுதுகிறது. நான் இப்போது அதில்தான் எழுதுகிறேன். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை, மனம் வரவில்லை.