எல்லாப் பழியையும் ஜே.ஆர். தலையில் போடாதீர்கள்

இலங்கையின் நிறைவேற்று ஜனாதிபதி முறை என்று பேச்செடுத்தாலே, அதைக் கொண்டுவந்த ஜே.ஆர். ஜெயவர்தனவைத் திட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். அவர் கொண்டுவந்த 1978 அரசியலமைப்பிலேயே ஜனாதிபதியின் அதிகாரத்துக்குச் சில பூட்டுகள் இருந்தன. பிறகு வந்த பூட்டுகளும் உண்டு. அவற்றைக் கழற்றிக் கொடுத்தது பாராளுமன்றம்.

அவசரகாலச் சட்டத்தையே எடுங்கள். ஜனாதிபதி பிரகடனம் செய்வார், பாராளுமன்றம் மாதாமாதம் அங்கீகரிக்க வேண்டும். இது இன்றும் உண்டு. 1978இல் இன்னொன்றும் இருந்தது: தொடர்ந்து 90 நாட்களைத் தாண்டிவிட்டால் நீடிப்புக்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். 1986இல் பத்தாவது திருத்தம் அதைத் தூக்கிவிட்டது. அன்று ஆண்ட ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு சபையில் ஆறில் ஐந்து பலம். அந்த நிபந்தனை அவர்களைத் தடுக்கவே போவதில்லை. ஆனால் அடுத்து வருவது விகிதாசாரத் தேர்தல், அதில் மூன்றில் இரண்டு குதிரைக்கொம்பு. பிரிவினையைக் கைவிடுவதாகச் சொல்லும் ஆறாவது திருத்தச் சத்தியப்பிரமாணத்தை மறுத்து தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனமிழந்திருந்த சபையில் நடந்த வேலை இது. அதன்பின் ஒரு ஆசனப் பெரும்பான்மை உள்ள அரசுகூட மாதாமாதம் நீடிக்கலாம் என்றாயிற்று. இடைவெளிகள் போக, 2011 ஆகஸ்ட் வரை அப்படித்தான் ஓடியது. அதன் கனம் வடக்கு கிழக்கில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது நியமனங்கள். 2001இல் 17ஆவது திருத்தம், உயர் பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தரும் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. பேரவை அமையாமல் போனால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டதுதான் ஓட்டை. 2005இல் உறுப்பினர்களின் காலம் முடிந்தது, புதிய பேரவை அமையவில்லை, ஜனாதிபதி தானே நியமிக்கத் தொடங்கினார்.

2010 தேர்தலில் ஆளும் கூட்டணிக்குக் கிடைத்தது 144 ஆசனம். மூன்றில் இரண்டுக்கு 150 வேண்டும். கட்சி தாவியவர்கள் அந்தக் குறையை நிரப்பினார்கள். செப்டம்பரில் 18ஆவது திருத்தம் அவசர சட்டமூலமாக வந்து 161 வாக்குகளோடு நிறைவேறியது. ஜனாதிபதிக்கு இருந்த இரண்டு தவணை வரம்பு போயிற்று. பேரவைக்குப் பதிலாக, அபிப்பிராயம் மட்டும் சொல்லக்கூடிய ஒரு குழு வந்தது.

2015இல் 19ஆவது திருத்தம் பலவற்றை மீட்டது. நாலரை ஆண்டு முடியுமுன் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது, சபையே மூன்றில் இரண்டால் கேட்டால் தவிர. ஆனால் 33ஆம் உறுப்புரையில் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் அதிகாரம் என்று பொதுவாக ஒரு வரி கிடந்தது. 2018 நவம்பரில் ஜனாதிபதி சிறிசேன அதைப் பிடித்துக்கொண்டு கலைத்தார். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் செல்லாது என்றார்கள். சட்டம் வரைபவர்கள் ஒரு பொதுவரியை மறந்தால் நாடு தீர்ப்புக்காக ஏறத்தாழ ஐந்து வாரம் அல்லாட வேண்டியிருக்கிறது!

2020இல் 20ஆவது திருத்தம் பேரவையை மறுபடி நீக்கி, அந்த நாலரையை இரண்டரையாக்கியது. 2022இல் ஜனாதிபதி கோட்டாபய நாட்டைவிட்டு ஓடிய பிறகு வந்த 21ஆவது திருத்தம் பேரவையைத் திருப்பித் தந்தது, இரண்டரையை மட்டும் தொடவில்லை. இதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று 1994இல் சந்திரிகா சொன்னார், 2005இல் மகிந்த சொன்னார், 2015இல் சிறிசேன சொன்னார், 2024இல் அநுரவும் சொன்னார். சந்திரிகாவுக்கும் சிறிசேனவுக்கும் எண்ணிக்கை இல்லை என்ற சாக்காவது இருந்தது. 2024 நவம்பரில் அநுரவின் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது 159 ஆசனம். முழு ஒழிப்புக்கு சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும், நேரமெடுக்கும், சரி. இரண்டரையை மறுபடி நாலரையாக்கவும், அந்தப் பழைய 90 நாள் நிபந்தனையைத் திருப்பிக் கொண்டுவரவும் 150 கை போதாதா?