கொலை வாளும் குடும்பக் குழுவும்

(குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சில நாள்களாகக் காலை வணக்கம்கூடப் போடாத சம்பந்தி நடராசனைத் தேடிக் குமாரசாமி நேரிலேயே வந்துவிட்டார்.)

குமாரசாமி: என்ன சம்பந்தி, குழுவில் ஆளையே காணோம். உடம்புக்கு ஏதாவது?

நடராசன்: உடம்புக்கு ஒன்றும் இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ மூன்றாம் பாகத்தின் நடுவில் இருந்த என்னிடம், ‘ஆதித்த கரிகாலன் கொலையுண்ட இடத்தில் கண் கலங்கிவிட்டது’ என்று எழுதினீர்களே, அன்றைக்கு மூடிய புத்தகத்தை இன்னும் திறக்கவில்லை.

குமாரசாமி: ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்தவரைப் பற்றிச் சொன்னதற்கா இத்தனை வருத்தம்? கொன்ற துரோகிகளின் பெயர்களையும் அவர்களுடைய நிலங்களைப் பறித்த செய்தியையும் ராஜராஜன் காலத்திலேயே உடையார்குடிக் கோயிலில் கல்லில் வெட்டி வைத்துவிட்டார்களே!

நடராசன்: நான் படிப்பது நாவல், கல்வெட்டு அல்ல. உடையார்குடிக்கு நானாகப் போய்ப் படித்திருந்தால் அது என் தலையெழுத்து. மதியம் தூங்கி எழுந்து, மணி பார்க்கக் கைப்பேசியை எடுத்தவனுக்கு, பூட்டிய திரையின் முதல் வரியிலேயே கரிகாலன் செத்துக் கிடந்தால் அதற்கு யார் பொறுப்பு?

குமாரசாமி: மூன்றாம் பாகத்தின் பெயரே ‘கொலை வாள்’. அந்த வாளால் வெண்டைக்காய் நறுக்குவார்கள் என்றா நினைத்தீர்கள்?

நடராசன்: யாரோ சாகப்போகிறார் என்பது தெரியும். அது பெரிய பழுவேட்டரையராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

குமாரசாமி: துரியோதனன் சாவான் என்று தெரிந்துதானே பாரதக் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்?

நடராசன்: அங்கே எல்லோருக்கும் முன்பே தெரியும், தெரியாத குழந்தைக்கும் கட்டியங்காரன் வந்து சொல்லிவிடுவான். அது அவன் வேலை. உங்களை யார் கட்டியங்காரனாக அமர்த்தியது?

குமாரசாமி: 1950 முதல் 1954 வரை இது கல்கி இதழில் தொடராக வந்தபோது, தெருவே இதைப் பற்றித்தான் பேசும் என்று என் தாயார் சொல்வார். யாரும் கோபித்துக்கொண்டதாகச் சொன்னதில்லை.

நடராசன்: எப்படிக் கோபிப்பார்கள்? அடுத்த இதழ் வரும்வரை ஊரில் ஒருவரும் முந்திப்போக முடியாது. இப்போதோ உங்கள் மகன் 2023இலேயே திரையரங்கில் பார்த்து முடித்துவிட்டார், நீங்கள் மறுவாசிப்பில் இருக்கிறீர்கள், நான் கண்புரை அறுவைக்குப் பிறகு ஆசையாகத் தொடங்கி மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தேன். எனக்கென்னவோ, கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் உங்கள் தமக்கைக்குப் பாயசம் கிடைக்காமற்போனதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இப்படிச் செய்தீர்கள் என்று தோன்றுகிறது.

குமாரசாமி: அதை நான் மறந்தே போயிருந்தேன். நல்லவேளை, நினைவூட்டினீர்கள்.

நடராசன்: போதாததற்கு, நீங்கள் எழுதியதற்குக் கீழே என் மகள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறாள். பெற்ற தகப்பன் ஏமாந்ததில் அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

குமாரசாமி: அதற்கு மேலே என் மனைவி ‘பால் வாங்கியாயிற்று’ என்று போட்டிருந்தார், மருமகள் அதற்குக் காட்டிய விரல் வழுக்கிக் கீழே பட்டிருக்கலாம். நான் எழுதியதையும் கொஞ்சம் அப்படி நல்ல விதமாக எடுத்துக்கொள்ளக் கூடாதா? படித்ததும் துக்கம் தொண்டையை அடைத்தது, யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. நம் இரண்டு வீட்டிலும் புத்தகம் படிக்கிற மனிதர் நீங்கள் ஒருவர்தானே?

நடராசன்: (சற்று இளகி) அப்படியானால் சரி. அடுத்த முறை, ‘கதையின் முடிவு கீழே உள்ளது’ என்று முதல் வரியில் போட்டு, பத்துப் பதினைந்து வரிக்கு வெறும் புள்ளி வைத்துவிட்டு, அப்புறம் அழுங்கள்.

குமாரசாமி: அப்படியே செய்கிறேன். இன்னொன்று, நான் முழுவதையும் கெடுத்துவிடவில்லை. கொன்றது யார் என்று நான் எங்கே சொன்னேன்? கல்கியே அதைத் தீர்த்துச் சொல்லவில்லையே!

நடராசன்: ஐயோ! அதையாவது தெரிந்துகொள்ளலாம் என்று இப்போதுதானே மனத்தைத் தேற்றினேன்!

குமாரசாமி: மன்னியுங்கள் சம்பந்தி, இனி வாயே திறக்கமாட்டேன். அதிலும் மதுராந்தகரைப் பற்றி மூச்சே விடமாட்டேன்.

நடராசன்: மதுராந்தகருக்கு என்ன?

குமாரசாமி: ஒன்றுமில்லை.

நடராசன்: ஒன்றுமில்லாததற்கா குரலைத் தாழ்த்துகிறீர்கள்? (உள்ளே பார்த்து) சம்பந்திக்குக் காபி கொண்டுவா! (நாற்காலியை அருகே இழுத்து) பாதி மட்டும் சொல்லுங்கள்.