திரும்ப வாங்க முடியுமா என்று அவர் கேட்டார்

பிரெக்ஸிட் பேச்சு வந்தாலே “அதான் மக்கள் ஓட்டுப் போட்டு முடிச்சிட்டாங்களே, அப்புறம் என்ன செய்ய முடியும்” என்று நண்பர்கள் இன்றும் சொல்கிறார்கள். செய்ய முடிந்திருக்கும். 2020 ஜனவரி 31 இரவு வரைக்கும், நாடாளுமன்றம் முடிவெடுத்து, விலகல் அறிவிப்பை வாபஸ் வாங்குவதாக ஒரு கடிதம் எழுதியிருந்தால், யாருடைய சம்மதமும் இல்லாமலேயே பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்திருக்கலாம்.

ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று 2016 ஜூன் 23 வாக்கெடுப்பு நடந்தபோது நான் கிழக்கு லண்டனில் இருந்தேன். இந்தியப் பாஸ்போர்ட்தான், ஆனால் காமன்வெல்த் குடிமக்கள் அங்கே வசித்தால் ஓட்டு உண்டு என்பதால் எனக்கு ஓட்டு இருந்தது. பக்கத்து வீட்டில் பத்து வருஷமாகக் குடியிருந்த போலந்துக்கார அம்மாவுக்கு இல்லை. யாருடைய வாழ்க்கை மாறப்போகிறதோ அவருக்கு ஓட்டில்லை, எனக்கு உண்டு, இது அன்றைக்கே உறுத்தியது. விலகுவதற்கு 51.9 சதவீதம், இருப்பதற்கு 48.1 என்று முடிவு வந்த காலையில், குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்து வந்தவர் என்னைப் பார்த்து நின்று, “இதைத் திரும்ப வாங்க முடியுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சட்டம் தெரிந்தவர்களுக்குள்ளேயே அன்று ஒரே பேச்சு இல்லை.

2017 மார்ச் 29 அன்று அன்றைய பிரதமர் தெரசா மே கையெழுத்திட்ட விலகல் அறிவிப்புக் கடிதத்தை, அப்போதைய ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்ட் டஸ்க் கையில் கொடுத்தார்கள். விலகலைப் பற்றிப் பேசும், ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-வது ஷரத்தைப் படித்துப் பாருங்கள். அறிவிப்பு கொடுத்தால் இரண்டு வருஷத்தில் வெளியேற வேண்டும், எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டால் கெடுவை நீட்டிக்கலாம், போன பிறகு திரும்பி வர ஆசைப்பட்டால் 49-வது ஷரத்துப்படி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இவ்வளவும் இருக்கிறது. கொடுத்த அறிவிப்பை நடுவில் திரும்பப் பெறலாமா என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. ஷரத்தை வரைந்ததில் முக்கியப் பங்கு வகித்த ஜான் கேர், பெறலாம் என்று 2016 நவம்பரிலேயே சொல்லிவிட்டார். ஆனால் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அரசு அறிவிப்பு கொடுக்கலாமா என்று ஜினா மில்லர் தொடுத்த வழக்கில் இரண்டு தரப்பும் ‘பெற முடியாது’ என்றே வைத்துக்கொண்டு வாதாடியதால் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை.

கடைசியில் ஆண்டி வைட்மேன், ஜோவன்னா செர்ரி போன்ற ஸ்காட்லாந்து அரசியல்வாதிகள்தான் எடின்பரோ நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டார்கள். அரசு என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் திரும்பப் பெறப்போவதில்லை, ஆகவே இது வெறும் கற்பனைக் கேள்வி, பதிலே வேண்டாம் என்றது. எனக்குக் கோபம் இங்கேதான். உங்களுக்குத் திரும்பப் பெற மனமில்லை என்றால் சரி, அது உங்கள் அரசியல். ஆனால் விலகல் ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போடப்போகிற எம்.பி.க்களுக்கு, கையில் எத்தனை வழி இருக்கிறது என்பதே தெரியக்கூடாது என்று மக்கள் வரிப்பணத்தில் வழக்காடுவது எந்த நியாயம்? கேள்வி லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போகாமல் தடுக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், அங்கே அனுமதி கிடைக்கவில்லை.

2018 டிசம்பர் 10 காலை ரயிலில் நின்றுகொண்டே லக்சம்பர்க் தீர்ப்பைப் படித்தேன். எல்லா நீதிபதிகளும் அமரும் முழு அமர்வின் தீர்ப்பு. ஐரோப்பிய ஆணையமும் கவுன்சிலும், மற்ற நாடுகள் ஒருமனதாகச் சம்மதித்தால்தான் திரும்பப் பெறலாம் என்று வாதிட்டிருந்தன. இல்லாவிட்டால் ஒரு நாடு அறிவிப்பு கொடுப்பதும் பேரம் பேசுவதும் வாபஸ் வாங்குவதுமாக ஆட்டம் காட்டும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீதிமன்றம் இன்னும் ஆழமாக யோசித்தது. விருப்பமில்லாத நாட்டை யாரும் ஒன்றியத்தில் சேர்க்க முடியாது, அதேபோல் மனம் மாறி இருக்க விரும்புகிற நாட்டை வெளியே தள்ளவும் முடியாது. அடுத்தவர் சம்மதம் வேண்டும் என்றால் அது தள்ளுவதில்தான் போய் முடியும். உள்நாட்டு அரசமைப்பு முறைப்படி முடிவெடுத்து, கெடு முடிவதற்குள், விலகல் ஒப்பந்தம் அமலுக்கு வருவதற்குள், நிபந்தனை போடாமல், குழப்பம் இல்லாமல் எழுத்தில் கொடுத்தால் போதும். அதே பவுண்டு, பாஸ்போர்ட் சோதனையில்லாத ஷெங்கன் பகுதியில் சேராமலிருக்கும் அதே விலக்கு, எல்லாம் பழையபடி. நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்கள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 68-வது ஷரத்தும், விலகல் அறிவிப்பு அமலுக்கு வரும்வரை அதை வாபஸ் வாங்கலாம் என்றுதான் சொல்கிறது. அப்படி நடந்தும் இருக்கிறது: காம்பியா சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகுவதாக 2016இல் கடிதம் கொடுத்துவிட்டு, ஆட்சி மாறியதும் 2017இல் திரும்ப வாங்கிக்கொண்டது.

வாக்கெடுப்பு முடிந்து இரண்டரை வருஷம் கழித்து வந்த பதில் இது. அதற்குள் கட்சிகள் ‘திரும்பப் போக வழியில்லை’ என்று சொல்லிச் சொல்லியே தேர்தலையும் நடத்தி முடித்துவிட்டன. 2019 மார்ச்சில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாபஸ் வாங்கச் சொல்லி நாடாளுமன்ற மனுவில் கையெழுத்திட்டார்கள். ஏப்ரல் 1 அன்று, ஒப்பந்தமில்லாமல் வெளியேறும் நிலை வந்தால் வாபஸ் வாங்க வழி கேட்ட செர்ரியின் தீர்மானம் நாடாளுமன்றத்தில் 191க்கு 292 என்று தோற்றது. அந்தத் தோல்வியை என்னால் ஏற்க முடிகிறது, அவர்கள் தெரிந்து போட்ட ஓட்டு. தெரியாமல் கழிந்த 2017ஐயும் 2018ஐயும்தான் ஏற்க முடியவில்லை.

அந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போலந்து அம்மா என் வீட்டுக்கு வந்தார். ஐரோப்பிய நாட்டவர்கள் பிரிட்டனில் தொடர்ந்து தங்குவதற்கு விண்ணப்பிக்கும் செயலி அப்போது ஆண்ட்ராய்டில்தான் ஓடியது, அவரிடம் இருந்தது ஐபோன். என் போனை அவருடைய பாஸ்போர்ட் மேல் வைத்து, அதிலுள்ள சிப்பைப் படிக்கவைக்க நாலைந்து முறை தள்ளித் தள்ளிப் பார்த்தோம். நடுவில் நான், “அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, திரும்ப வாங்கலாமாம்” என்றேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “யார் வாங்கப் போறாங்க?” என்றார்.