தாத்தாவின் குடிசைக்கு ஏன் ஜன்னல் இல்லை

"நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை" என்று எழுதி, நண்பர் ஒருவர் மண்வீட்டுப் படம் போட்டிருந்தார். கும்பகோணம் பக்கம் ஏதோ ரிசார்ட். களிமண் சுவர், கீற்றுக்கூரை, உள்ளே ஏசி. லைக் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் நான் பிறந்ததே அப்படியொரு வீட்டில்தான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, பண்ணையாள் குடிசை. பண்ணையாள் என்றால் ஒரே மிராசுதாரின் நிலத்தில் கட்டுண்டு உழைக்கிற கூலியாள்.

வாய்க்கால் ஓரத்தில் வெட்டிய களிமண்ணில் வைக்கோலைப் போட்டுத் தண்ணீர் விட்டு மிதிப்பார்கள். பதம் வந்ததும் முழ உயரத்துக்கு ஒரு படை, அதாவது ஒரு அடுக்கு மண். அது காய்ந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் சுவர் தொப்பை தள்ளிவிடும். நாலைந்து படையோடு சுவர் முடிந்தது. மேலே மூங்கில், தென்னங்கீற்று, கையில் இருந்தால் அதன்மேல் வைக்கோல். சாரல் பட்டால் மண் கரையுமே, அதனால் இறவாணம், அதாவது கூரையின் ஓரம், இடுப்பளவுக்கு இறங்கியிருக்கும். வாசலுக்கு இரண்டு பூவரசங்கட்டை. குனிந்து நுழையும்போது எல்லோரும் கை ஊன்றுகிற இடம் மட்டும் எண்ணெய் தேய்த்த மாதிரி கறுத்து வழவழத்துக் கிடக்கும்.

சித்திரை வெயிலில் உள்ளே குளுகுளுவென்றிருக்கும், பொய் சொல்லவில்லை. ஐப்பசி அடைமழையில் அடுப்பும் உள்ளே வந்துவிடும். புகை போக வழி கிடையாது. பாட்டி கடைசிவரை கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் இருந்தார்.

ஒரு ஜன்னல் வைத்திருக்கலாமே என்று தாத்தாவிடம் கேட்டேன். "எடம் யாரோடது?" என்றார்.

மனை மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டாலோ வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனாலோ குடிசையைப் பிரிக்கச் சொல்லிவிடலாம். மூங்கிலையும் கீற்றையும் தூக்கிக்கொண்டு போகலாம், சுவரைத் தூக்க முடியுமா? நாளைக்கே விட்டுப் போகவேண்டிய சுவருக்கு எவன் ஜன்னல் வைப்பான்? செங்கல் அடுக்கினால் பண்ணை வீட்டுக் கண்ணை உறுத்தும் என்ற பயம் வேறு. ரிசார்ட்காரர்கள் தட்பவெப்பம் என்கிறார்கள். எங்கள் குடிசையைக் குனிய வைத்ததில் இந்தப் பயத்துக்குத்தான் பெரிய பங்கு.

1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து விவசாயச் சங்கம் கட்டியபோது, பண்ணையாட்களுக்குத் தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழியவேண்டும் என்பதே பெரிய கோரிக்கை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டத்துக்குத் தப்ப, பண்ணையாளை எல்லாம் தினக்கூலியாக மாற்றிக்கொண்ட புத்திசாலிகளும் உண்டு. கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு சின்னக் குடிசைக்குள் ஒதுங்கிய கூலிக் குடும்பத்தார் 44 பேரை மிராசுதார் தரப்பு ஆட்கள் எரித்தார்கள். கீற்றுக்கூரையை ரசித்து எழுதப்பட்ட எதைப் படித்தாலும் எனக்கு அந்தக் கூரை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. என் கோளாறாகவே இருக்கட்டும்.

குடியிருந்த மனையைக் குடியிருந்தவருக்கே சொந்தமாக்கிய சட்டம் 1971இல்தான் வந்தது. பட்டா கைக்கு வந்ததும் தாத்தா முதல் வேலையாகக் கொல்லையில் ஒரு தென்னம்பிள்ளை வைத்தார். அதுவரை முருங்கைக்கொம்புகூட ஊன்றியதில்லை. 2018 கஜா புயலில் அந்தத் தென்னை வேரோடு போனது.

இப்போது அங்கே இருப்பது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, பகலில் உள்ளே உட்கார முடியாது. அதற்காகப் பழைய குடிசைக்கே திரும்பச் சொல்பவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. குடிசைகளுக்குப் பதில் காங்கிரீட் வீடு கட்ட 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் என்றார்கள். அந்த வரைபடத்தில் இறவாணத்தைக் கொஞ்சம் இறக்கி, எதிரெதிரே ஜன்னல் வைத்தால் என்ன குறைந்துவிடும்? படை வைக்கத் தெரிந்த கிழவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். இதுவரை ஒரு இன்ஜினியரும் அவர்களிடம் வந்து கேட்டதில்லை.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தி வாசலில் கீற்றுக்கொட்டகை போட்டு அதில்தான் படுக்கிறார். பீரோவும் அதற்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பட்டாவும் காங்கிரீட்டுக்குள் இருக்கின்றன.