ரப்பர் பேண்ட் எப்போதும் பாதுகாப்பானதா?
உடற்பயிற்சிக்கு டம்பெல்லைவிட, இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பேண்ட் தோள்வலிக்காரர்களுக்கு 'எப்போதும்' பாதுகாப்பானது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்த 'எப்போதும்' எனக்கு இடிக்கிறது. டம்பெல்லின் எடை மாறாது; பேண்டோ இழுக்க இழுக்க இறுகும். காலில் மிதித்துக்கொண்டு தலைக்குமேல் தூக்கினால், நோவுள்ள தோளுக்குச் சிரமமான மேல்நிலையில்தான் இழுவிசை உச்சத்தில் இருக்கும். காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் எங்களுக்கு, அறுவடைக் காலம் முழுக்கத் துறட்டிக் கோலை அண்ணாந்து பிடிக்கும் வேலை. அதே அசைவைப் பயிற்சியென்று மறுபடியும் செய்வானேன்? எனக்குப் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தது வேறு: முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் சுருட்டிய துண்டை வைத்து, ஜன்னல் கம்பியில் கட்டிய மெல்லிய பேண்டை முன்கையால் மட்டும் வெளிப்பக்கம் திருப்புவது. பார்க்க விளையாட்டாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டுப் பந்தைக் குழியில் பிடித்து நிறுத்தும் ரொட்டேட்டர் கஃப் தசைகளுக்கு அதுதான் வேலை. 'வலியைப் பொறுத்துக்கொண்டு இழுங்கள்' என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஓசூர் நண்பருக்கு: சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் தோள் இறுக்கத்தில் அடுத்தவர் தூக்கிவிட்டாலும் கை மேலே போகாது, அங்கே பேண்டோடு மல்லுக்கட்டுவது வலியைத்தான் கூட்டும், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று, வெயிலில் கிடந்து வெடிப்பு விட்ட பேண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும்.